கட்டற்ற மென்பொருள் வரலாறு – 12: பொதியும் நெறியும்

சென்னையின் தென்புறநகரில், அஸ்தினாபுரத்தை அடுத்த குரோம்பேட்டையில், சி. ராஜம் 1949ஆம் ஆண்டில் நிறுவிய எம்.ஐ.டி. கல்லூரியின் வளாகம் இருக்கிறது. பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாகிவிட்ட அக்கல்லூரியின் வளாகத்தில், அதன் முன்னாள் மாணவரும் அமெரிக்காவில் எக்ஸோடஸ் நிறுவனத்தைத் தொடங்கியவருமான கே.பி. சந்திரசேகரின் பெயரைத் தாங்கி ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையம் அமைந்தது. கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் ஒன்றை அமைக்க இந்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை 2005இல் முன்வந்தபோது, அப்பொறுப்பு இந்த ஆய்வு மையத்திடமும் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்திடமும் கூட்டாக ஒப்படைக்கப்பட்டது. என்.ஆர்.சி.ஃபாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அம்மையத்தின் பணிகளில், கல்லூரிப் பாடத்திட்டமும் மனிதவள வளர்ச்சியும் பேராசிரியர் சி.என். கிருஷ்ணன் தலைமையில் குரோம்பேட்டையைச் சேர்ந்தன. இந்திய மொழிகளில் இயங்கும் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் பணி சி-டாக்கைச் சேர்ந்தது. 2007 ஜனவரியில் ‘தரங்க்’ என்ற பெயருடன் அவ்வியங்குதளத்தின் முதல் பதிப்பு வெளிவந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பது அதன் முழுப்பெயர்; பாஸ் லினக்ஸ் என்பதே வழக்கில் நிலைத்த பெயர்.

ஓர் இயங்குதளத்தை அடியிலிருந்து எழுதி முடிக்க அந்தக் கால அளவு எவ்வகையிலும் போதாது. கருவகம் எனப்படும் உள்மையம், கோப்புகளைக் கையாளும் கருவிகள், திரையில் சாளரம் வரையும் நிரல்கள், எழுத்துருக்கள், உலாவி, அலுவலகச் செயலிகள் என ஒவ்வொன்றும் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு குழுக்களால் எழுதப்படுபவை. அவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்தச் செய்து, பயனர் கணினியில் நிறுவத்தக்க முழுமையான தொகுப்பாகத் தருவதையே வழங்கல் என்கிறோம். சி-டாக் குழு உருவாக்கியது டெபியன் என்னும் மூத்த வழங்கலிலிருந்து கிளைத்த ஒரு வழங்கலாகும். அதே 2007ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியான டெபியனின் ‘எட்ச்’ பதிப்பில் சுமார் 18,000 பொதிகள் இருந்தன. பொதி என்பது ஒரு மென்பொருளையோ அதன் ஒரு பகுதியையோ, அதை நிறுவவும் நீக்கவும் மேம்படுத்தவும் தேவையான தகவல்களோடு சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டிய வடிவம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், பெரும்பாலும் ஒருவரையொருவர் நேரில் பார்த்திராதவர்கள், கட்டிய அத்தனை பொதிகளும் ஒரே கணினியில் மோதலின்றி இயங்கியதற்குக் காரணம், அவர்கள் அனைவரும் ஒரே எழுத்து ஆவணத்திற்குக் கட்டுப்பட்டதுதான். டெபியன் கொள்கைக் கையேடு எனப்படும் அந்தப் பொதியாக்க நெறிநூலின் வரலாற்றை விட்டுவிட்டுப் பாஸ் லினக்ஸின் வரலாற்றைச் சொல்பவர்கள், கட்டடத்தின் வண்ணத்தை மட்டும் விவரித்து அடித்தளத்தைப் பேசாது விடுகிறார்கள்.

அந்நெறிநூலின் தோற்றத்தைக் காண 1993ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள பர்டியூ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த இயான் மர்டாக், அக்காலத்தில் பரவலாக இருந்த எஸ்.எல்.எஸ். என்ற லினக்ஸ் வழங்கலின் பிழைகளாலும் பராமரிப்பின்மையாலும் மனம் வெறுத்து, அவ்வாண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் டெபியன் திட்டத்தை அறிவித்தார். ஒரு வழங்கலை உருவாக்குவது கவனமும் தொடர்ந்த உழைப்பும் வேண்டும் பணி என்பதும், அதை ஒருவரோ ஒரு நிறுவனமோ மூடிய அறைக்குள் செய்யாமல் பலர் கூடித் திறந்த முறையில் செய்ய வேண்டும் என்பதும் அவர் வெளியிட்ட அறிக்கையின் சாரம். பலர் கூடிச் செய்வது என்று முடிவெடுத்த உடனேயே வேலையைப் பிரிக்கும் அலகு தேவைப்பட்டது. பொதியே அந்த அலகாயிற்று. பொதிகளை நிறுவும் டி.பி.கே.ஜி. என்னும் கருவி முதலில் எளிய கட்டளை நிரலாகவும், பின்னர் பெர்ல் மொழியிலும் எழுதப்பட்டது. இயான் ஜாக்சன் அதைச் சி மொழியில் முழுவதுமாக மாற்றி எழுதிய பிறகே இன்றைய வடிவத்தை அடைந்தது.

ஆனால் கருவி மட்டும் போதவில்லை. இருவர் கட்டிய இரண்டு பொதிகள் ஒரே பெயருள்ள கோப்பை ஒரே இடத்தில் வைத்தால் எது நிற்பது, ஒரு பொதி நீக்கப்படும்போது பயனர் எழுதிய அமைப்புக் கோப்பு என்னாவது, பதிப்பு எண்களில் எது புதியது என்று யார் முடிவு செய்வது என்ற கேள்விகளுக்குக் கருவியால் விடை சொல்ல முடியாது. மனிதர்கள் கூடி ஒப்புக்கொண்ட நெறிகளே விடை சொல்ல முடியும். 1995இன் இறுதியில் இன்ஃபோமேஜிக் என்ற குறுவட்டு நிறுவனம், இன்னும் முடியாத நிலையிலிருந்த டெபியன் தொகுப்பை ‘1.0’ என்று பெயரிட்டு விற்கத் தொடங்கியதால், குழப்பத்தைத் தவிர்க்க அந்த எண்ணையே கைவிட்டு, 1996 ஜூனில் 474 பொதிகளுடன் 1.1 என்ற எண்ணில் முதல் முறையான பதிப்பை டெபியன் வெளியிட்டது. கொள்கைக் கையேடு ஒழுங்கான நூலாக உருப்பெறத் தொடங்கியதும் இக்காலத்தில்தான். இயான் ஜாக்சனும் கிறிஸ்டியன் சுவார்ட்ஸும் அதன் தொடக்க ஆசிரியர்கள்.

கையேட்டின் நடை சட்டநூலின் நடை. ‘கட்டாயம்’, ‘வேண்டும்’, ‘செய்யலாம்’ என்ற மூன்று நிலைகளை அது பிரித்துக் கையாளுகிறது. கட்டாயம் என்று குறித்த விதியை மீறும் பொதி, வெளியீட்டைத் தடுக்கும் அளவுக்குக் கடுமையான பிழையுடையதாகக் கருதப்பட்டு, திருத்தப்படாவிட்டால் வரவிருக்கும் பதிப்பிலிருந்து நீக்கப்படும். வேண்டும் என்று குறித்ததை மீறுவது பிழையேயாயினும் அதற்காகப் பொதி வெளியேற்றப்படுவதில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: கையேடும் ஒரு பொதியாகவே கட்டப்பட்டு, பதிப்பு எண்ணுடன் களஞ்சியத்தில் இடம்பெறுகிறது. அதிலுள்ள ஒரு விதி தவறென்று கருதுபவர், மற்ற எந்த மென்பொருளின் குறையையும் போலவே, அதன்மீது பிழை அறிக்கை எழுதி மாற்றுச் சொற்களை முன்மொழிகிறார். பிறர் வழிமொழிந்தால் விதி மாறுகிறது. ஒவ்வொரு பொதியும் தான் கையேட்டின் எந்தப் பதிப்புக்கு இணங்கக் கட்டப்பட்டது என்பதைத் தன் விவரக் குறிப்பிலேயே அறிவிக்கிறது. பெரும்பாலும் நடைமுறையில் முதிர்ந்து நிலைபெற்ற வழக்கங்களே விதியாக எழுதப்பட்டன என்பதால், மேலிருந்து திணிக்கப்பட்ட ஆணைகளுக்கு இல்லாத பணிவு இந்நூலுக்குக் கிடைத்தது.

ஒரு டெபியன் பொதிக்குள் மூன்று உறுப்புகள் இருக்கின்றன: பொதி வடிவத்தின் எண்ணைச் சொல்லும் சிறு கோப்பு, விவரங்களையும் நிறுவல் கட்டளைகளையும் கொண்ட ஒரு கட்டு, நிறுவப்பட வேண்டிய கோப்புகளைக் கொண்ட இன்னொரு கட்டு. பொதியின் பெயரில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் எண்களும் கூட்டல், கழித்தல், புள்ளிக் குறிகளும் மட்டுமே வரலாம். குறைந்தது இரண்டு எழுத்துகள் வேண்டும். பதிப்பு எண்ணில் மூலப் படைப்பாளர் இட்ட எண் முன்னும், பொதி கட்டியவர் இட்ட திருத்த எண் சிறுகோட்டுக்குப் பின்னும் வரும். 1.9ஐ விட 1.10 புதியது என்பதை மனிதர் எளிதில் உணர்வர், கணினிக்குச் சொல்லித்தர வேண்டும், 2.0 வெளியாவதற்கு முன் வரும் சோதனைப் பதிப்பு 2.0ஐ விடப் பழையது என்பதைக் காட்ட அலைக்குறி ஒன்றைச் சேர்த்து எழுதும் முறையையும் நெறிநூல் வகுத்தது. மூலப் படைப்பாளர் தம் எண் முறையையே மாற்றிக்கொண்டு சிறிய எண்ணிலிருந்து மீண்டும் தொடங்கினால், முக்காற்புள்ளியுடன் ஓர் எண்ணை முன்னொட்டாக இட்டு வரிசையைக் காப்பாற்றலாம். இவை அற்பமான விவரங்களாகத் தோன்றக்கூடும். ஆயினும் உலகெங்கும் இலட்சக்கணக்கான கணினிகள் மனிதத் தலையீடின்றித் தம்மைப் புதுப்பித்துக்கொள்வதற்கு, எது பழையது எது புதியது என்ற இந்த ஒற்றைக் கணக்கில் ஐயமில்லாத விடை கிடைப்பதே ஆதாரம்.

ஒரு பொதி இயங்க மற்றொன்று தேவைப்படுவதைச் சார்புநிலை என்பர். தவிர்க்கவே முடியாத சார்பு, வழக்கமான பயன்பாட்டில் வேண்டப்படும் சார்பு, இருந்தால் நல்லது என்ற அளவிலான சார்பு என அதைத் தரம் பிரித்தும், ஒன்றாக இருக்க இயலாத பொதிகளை வெளிப்படையாகக் குறித்தும் எழுத வேண்டும் என்பது விதி. நிரல்தொகுப்பு நூலகங்களின் பொதிப்பெயரிலேயே அவற்றின் இடைமுக எண்ணும் சேர வேண்டும் என்ற விதியும் இதனோடு தொடர்புடையது. எல்லா மென்பொருள்களுக்கும் அடிப்படையான சி நூலகம் ஐந்தாம் எண்ணிலிருந்து ஆறாம் எண்ணுக்கு மாறிய இடர்மிக்க காலத்தைக் கடந்து, 1998 ஜூலையில் ‘ஹாம்’ பதிப்பு வெளிவந்தபோது, பழைய நூலகமும் புதியதும் வெவ்வேறு பெயர்களில் ஒரே கணினியில் அருகருகே நிற்க முடிந்தது இவ்விதியின் பயன். அடுத்த ஆண்டு வெளியான ‘ஸ்லிங்க்’ பதிப்பில் ஏ.பி.டி. என்னும் கருவி சேர்ந்தது. ஒரு பொதியின் பெயரைச் சொன்னால் அது சார்ந்திருக்கும் அனைத்தையும் களஞ்சியத்திலிருந்து தேடிக் கொண்டுவந்து உரிய வரிசையில் நிறுவும் அக்கருவியின் திறமையை வியப்பவர்கள் பலர். ஆனால் அத்திறமை, பொதி கட்டியவர்கள் சார்புகளை உண்மையாகவும் முழுமையாகவும் எழுதிவைத்த நேர்மையைச் சார்ந்தது.

கையேட்டின் எல்லா விதிகளிலும் பயனருக்கு மிகப்பெரிய மதிப்பைத் தரும் விதி அமைப்புக் கோப்புகளைப் பற்றியது எனலாம். ஒரு மென்பொருள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைக் கணினியின் பொறுப்பாளர் எழுதிவைக்கும் கோப்புகள் ‘ஈடிசி’ என்னும் ஒரே அடைவின்கீழ் இருக்க வேண்டும். அவற்றில் அவர் செய்த மாற்றங்களைப் பொதியின் மேம்பாடு அழிக்கக் கூடாது. பொதியை நீக்கினாலும், முற்றாகத் துடைத்தெறியும்படி அவர் தனியாகக் கேட்டாலன்றி, அக்கோப்புகள் இருந்தபடியே இருக்க வேண்டும். இது ‘கட்டாயம்’ என்ற தரத்தைச் சேர்ந்த விதி. கணினி அதைப் பயன்படுத்துபவருக்கு உரியது, மென்பொருளை அனுப்பியவருக்கு உரியதன்று என்ற நிலைப்பாட்டை எத்தனையோ அறிக்கைகள் உரத்துச் சொன்னதுண்டு. இவ்விதி அதைச் செயலில் நிலைநாட்டியது. கோப்புகள் எந்த அடைவில் எவ்வகைப்பட்டவையாக இருக்க வேண்டும் என்ற பொது ஒழுங்கு, 1994 பிப்ரவரியில் முதலில் வெளியாகிப் பின்னர் விரிவுபெற்ற கோப்பமைப்புத் தரத்திலிருந்து பெறப்பட்டது. நிறுவும்போதும் நீக்கும்போதும் ஓடும் சிறு நிரல்கள், இடையில் மின்சாரம் நின்று மறுபடி ஓட நேர்ந்தாலும் கேடு விளைக்காதபடி எழுதப்பட வேண்டும் என்பதையும் கையேடு வலியுறுத்துகிறது. மின்வெட்டு வழக்கமாயிருந்த ஊர்களில் இதன் அருமை விளக்கமின்றியே புரியும்.

தொழில்நுட்ப விதிகளுக்கு மேலாக நின்றது உரிம விதி. 1997 ஜூலையில் டெபியன் திட்டம் தன் சமூக ஒப்பந்தத்தையும், அதன் பகுதியாகக் கட்டற்ற மென்பொருளுக்கான பத்து வழிகாட்டுதல்களையும் ஏற்றுக்கொண்டது. மறுபகிர்வுக்குத் தடை கூடாது, மூலநிரல் கிடைக்க வேண்டும், மாற்றி எழுதும் உரிமை வேண்டும், எந்த மனிதரையும் எந்தத் துறையையும் விலக்கக் கூடாது என்பன அவற்றுள் சில. அடுத்த ஆண்டு திறந்த மூலத்திற்கான உலகப் பொதுவரையறை உருவானபோது, டெபியனின் முன்னாள் தலைவரான புரூஸ் பெரன்ஸ் இந்த வழிகாட்டுதல்களையே அதற்கு அடிப்படையாகக் கொண்டார். இவ்வரையறைக்குள் அடங்கும் பொதிகளே முதன்மைப் பிரிவில் இடம்பெறலாம். தன்னளவில் கட்டற்றதாயினும் கட்டுள்ள ஒன்றைச் சார்ந்திருப்பது துணைப்பிரிவுக்குச் செல்லும்; வரையறைக்கு வெளியே நிற்பது வேறொரு பிரிவில், டெபியனின் உறுப்பாக எண்ணப்படாமல், பயனரின் வசதிக்காக மட்டும் வைக்கப்படும். ஒவ்வொரு பொதியும் தன் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட பெயருள்ள கோப்பில் சுமந்து வர வேண்டும்.

தமிழ் எழுத்துருக்களின் வரலாறு இவ்விதியோடு நேரடியாக மோதிய இடம் இது. 1990களில் தமிழுக்கு எண்ணற்ற எழுத்துருக்கள் வந்தன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியாக்கத்தைக் கொண்டிருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் விளைவாகத் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் குறியாக்கங்களையும் தரப்படுத்தியது. இணையத் தமிழர்களிடையே டிஸ்கி என்னும் குறியாக்கம் வேரூன்றியிருந்தது. ஒருங்குறி மெல்ல வந்துகொண்டிருந்தது. 2005 ஏப்ரலில் மத்திய அரசு சென்னையில் தமிழ் மென்பொருள் குறுவட்டை வெளியிட்டு எழுத்துருக்களை விலையின்றிப் பரப்பியபோது மக்கள் மகிழ்ந்தனர், மகிழ்ந்ததில் தவறும் இல்லை. பொதி கட்டுபவர் கேட்க வேண்டிய கேள்வியோ வேறு: இந்த எழுத்துருவை ஒருவர் திருத்தலாமா, திருத்தியதைப் பிறருக்குத் தரலாமா, அதற்கான எழுத்துப்பூர்வ அனுமதி கோப்புடன் இருக்கிறதா? விலையின்றிக் கிடைப்பது என்ற ஒன்று மட்டும் இக்கேள்விக்கு விடையாகாது. ரெட் ஹாட் நிறுவனம் 2004இல் இந்திய மொழிகளுக்கென லோகித் எழுத்துருக்களைப் பொதுமக்கள் உரிமத்தின்கீழ் விடுவித்ததும், பின்னர் 2011இல் எழுத்துருக்களுக்கென்றே எழுதப்பட்ட திறந்த உரிமத்திற்கு அவற்றை மாற்றியதும் தமிழுக்குப் பெரிய கொடை. டெபியனில் இன்று அதன் தமிழ் எழுத்துருப் பொதி, எழுத்துரு என்ற வகை, லோகித் என்ற குடும்பம், தமிழ் எழுத்துமுறைக்குரிய பன்னாட்டு நான்கெழுத்துக் குறி என்ற மூன்றையும் வரிசையாகச் சேர்த்துப் பெயரிடப்பட்டிருக்கிறது. இதுவும் எழுத்துருப் பொதி கட்டும் குழு ஒப்புக்கொண்ட பெயரிடு நெறியின்படி அமைந்ததே. பெயரைக் கண்டதும் உள்ளடக்கம் விளங்கும்.

ஒரு தமிழ்ப் பயனர் திரையில் தமிழைக் காண எழுத்துரு ஒன்று போதாது. நாள், நாணயம், அகரவரிசை ஆகியவற்றைத் தமிழ் வழக்கில் காட்டும் வட்டாரத் தகவல் வேண்டும்; தமிழ்99 உள்ளிட்ட விசைப்பலகை அமைப்புகளை அறிந்த உள்ளீட்டு முறை வேண்டும்; ஒவ்வொரு செயலியின் மொழிபெயர்ப்புக் கோப்பும் வேண்டும். இவை வெவ்வேறு பொதிகளில், வெவ்வேறு பராமரிப்பாளர்களிடம் இருக்கின்றன. இவற்றை ஒருங்கே கோத்து, தமிழ் என்று தேர்ந்தெடுத்தவுடன் அனைத்தையும் நிறுவச் செய்வதற்கு, தனக்கென எந்தக் கோப்பும் இல்லாமல் சார்புகளை மட்டுமே சுமக்கும் ஒரு பொதி டெபியனில் உண்டு. தமிழுக்கு உதவிய விதிகள் இன்னும் இரண்டு. பொதியின் விவரக் கோப்புகளும் மாற்றக் குறிப்புகளும் யுடிஎஃப்-8 என்னும் ஒருங்குறி வடிவிலேயே எழுதப்பட வேண்டும் என்ற விதி, எட்டு பிட்டுக் குறியாக்கங்களின் கலவரத்தை அந்த ஆவணங்களின் எல்லைக்குள் முடித்துவைத்தது. நிறுவும்போது பயனரிடம் ஒரு பொதி கேட்கும் கேள்விகள் மொழிபெயர்க்கத்தக்க முறையில் அமைந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இதுவும் கட்டாயத் தரத்தைச் சேர்ந்தது. இதனால் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் எந்தப் பராமரிப்பாளரிடமும் தயவு கேட்டு நிற்க வேண்டியதில்லை. மொழிபெயர்ப்புக்கு இடமளிக்காத பொதியை விதியைச் சுட்டி அவரால் பிழையுடையதென அறிவிக்க முடிகிறது. சிறிய மொழிகளுக்கு நெறிநூல் தரும் இந்த உரிமை, இந்நூலின் நன்மைகளில் முதலாவதாக வைத்துப் பேசத்தக்கது.

தமிழகத்தின் கதை டெபியன் மரபோடு மட்டும் நின்றுவிடவில்லை. 2006க்குப் பின் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் சூசே லினக்ஸைக் கொண்டுசென்றது. சூசே, ரெட் ஹாட் மரபுகள் 1995இல் அறிமுகமான ஆர்.பி.எம். என்ற வேறொரு பொதி வடிவத்தைப் பயன்படுத்துபவை. அங்கே பொதியின் செய்முறை முழுவதும் ஒரே விவரக் கோப்பில் எழுதப்படும். ரெட் ஹாட்டின் துணையோடு இயங்கும் ஃபெடோரா வழங்கலும் பின்னாளில் விரிவான பொதியாக்க நெறிகளை வகுத்துக்கொண்டது. வெவ்வேறு வழங்கல்களிடையே பொதுமை காண எழுந்த லினக்ஸ் தர அடித்தளம் என்ற முயற்சி, பொதி வடிவமாக ஆர்.பி.எம்.ஐத் தேர்ந்துகொண்டது, ஆனாலும் டெபியன் மரபைச் சேர்ந்த பாஸ் லினக்ஸ் அத்தரத்தின் சான்றிதழைப் பெற்றது. ஆர்.பி.எம். பொதியைத் தன் வடிவத்திற்கு மாற்றி நிறுவும் கருவி டெபியனிடம் நெடுங்காலமாக இருந்ததே இத்தகைய இணக்கத்திற்கு வழி செய்தது. வடிவம் எதுவாயினும் பெயர், பதிப்பு, சார்பு, உரிமம், கோப்பின் இடம் ஆகிய ஐந்தைப் பற்றிய ஒழுக்கமே மென்பொருளின் ஆயுளை நிர்ணயிக்கிறது என்பதை இரு மரபுகளும் தனித்தனியே கண்டறிந்தன.

மூத்த வழங்கலிலிருந்து கிளைக்கும் வழங்கலுக்கு ஒரு நிரந்தரச் சிக்கல் உண்டு. டெபியனில் 1.2-3 என்ற எண்ணுள்ள ஒரு பொதியைக் கிளை வழங்கல் தன் பயனருக்காகத் திருத்துகிறது என்று வைத்துக்கொண்டால், 1.2-3 என்பதன் பின்னே தன் பெயரையும் ஓர் எண்ணையும் சேர்த்து அது வெளியிடும். கணக்கின்படி இது 1.2-3ஐ விடப் புதியது, ஆனால் டெபியன் அடுத்து வெளியிடும் 1.2-4ஐ விடப் பழையது. ஆகவே அந்த 1.2-4 வரும்போது கிளையின் திருத்தம் மறைந்துபோகும், அல்லது மீண்டும் உழைத்துப் புதிய பதிப்பில் சேர்க்கப்பட வேண்டும். உழைப்பை மிச்சப்படுத்தும் ஒரே வழி, திருத்தத்தை மூத்த வழங்கலுக்கோ மூலப் படைப்பாளருக்கோ அனுப்பி அங்கேயே ஏற்கச் செய்வதாகும். பாஸ் லினக்ஸின் ஐந்தாம் பதிப்பான ‘அனோகா’ 2013இல் டெபியனின் ‘வீசி’ பதிப்பை அடிப்படையாகக் கொண்டு வெளிவந்தது. பின்னர் வந்த பதிப்புகளும் டெபியனின் புதிய வெளியீடுகளைப் பின்தொடர்ந்தே வந்தன. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிய மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் கொள்முதல் செய்த கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்ததால், அதன் பொதிகள் தமிழகத்தின் சிற்றூர் வீடுகளுக்குள்ளும் சென்றன. அக்கணினிகளில் எத்தனை பேர் பாஸைத் திறந்து பார்த்தனர் என்ற வாதத்திலேயே பொதுப்பேச்சு தேங்கிவிட்டது. திறந்து பார்த்த மாணவருக்கு அடுத்த படியாகப் பொதி கட்டும் கலையைக் கற்பித்திருந்தால், ஒவ்வொரு மாவட்டத்திலும் சில பராமரிப்பாளர்களையாவது தமிழகம் பெற்றிருக்கும் என்ற ஏக்கம் இவ்வரலாற்றை எழுதும்போது தவிர்க்க இயலாமல் எழுகிறது.

பொதி கட்டுபவர் மூலநிரலில் கைவைக்கும்போது எவ்வளவு பெரிய பொறுப்பை ஏற்கிறார் என்பதை 2008 மே 13ஆம் நாள் வெளியான எச்சரிக்கை உலகிற்கு உணர்த்தியது. இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளின் டெபியன் பொதியில், நினைவகப் பிழைகளைத் தேடும் ஆய்வுக் கருவியின் எச்சரிக்கையை நீக்குவதற்காக 2006இல் சில வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. அவ்வரிகளில் ஒன்றே மறைக்குறிச் சாவியை ஊகிக்க முடியாததாக்கும் தற்செயல்தன்மையைச் சேர்த்துவந்தது. அதை இழந்தபின் எஞ்சிய ஒரே மாறுபாடு, நிரல் ஓடும்போது அதற்குக் கிடைக்கும் செயல் எண். அதற்கு இருக்கக்கூடிய மதிப்புகள் 32,768 மட்டுமே. ஏறத்தாழ இருபது மாதங்கள், டெபியனிலும் உபுண்டு முதலிய அதன் கிளைகளிலும் உருவான சாவிகள், பொறுமையுள்ள எவரும் முன்கூட்டியே பட்டியலிட்டுவிடக்கூடியவையாக இருந்தன. லூசியானோ பெல்லோ என்ற டெபியன் பராமரிப்பாளர் அதைக் கண்டறிந்து அறிவித்தபின், உலகெங்கும் கணினிப் பொறுப்பாளர்கள் சாவிகளை மாற்றி உருவாக்க நேர்ந்தது.

இதன்பின் பொதியாக்க நடைமுறையில் ஏற்பட்ட மாற்றம் ஆழமானது. மூலநிரலில் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் மற்றவற்றோடு கலக்காமல் தனித்தனிக் கோப்பாகவும், அதைச் செய்தவர், காரணம், மூலப் படைப்பாளருக்கு அனுப்பப்பட்டதா என்ற விவரங்களைத் தலைப்பில் தாங்கியதாகவும் இருக்க வேண்டும் என்ற ஒழுங்கு பரவியது. அதற்கேற்ற புதிய மூலப்பொதி வடிவமும் நடைமுறைக்கு வந்தது. பொதிகள் கையேட்டுக்கு இணங்குகின்றனவா என்பதை 1998 முதலே தானாகச் சோதித்துவந்த லிண்டியன் என்னும் கருவி, இத்தகைய விவரங்களையும் தேடத் தொடங்கியது. பின்னர், ஒரே மூலநிரலை எவர் எங்கே தொகுத்தாலும் பிட்டு மாறாமல் அதே கோப்பு கிடைக்க வேண்டும் என்ற மறுஉருவாக்க முயற்சி 2013 முதல் டெபியனில் வளர்ந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியின் வெளியீட்டுக் கட்டுக்குள் கள்ளக்கதவு ஒன்று புகுத்தப்பட்டிருந்ததை, டெபியனின் நிலைபெறாத (சிட்) பதிப்பில் வேலை செய்துகொண்டிருந்த ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமானதைக் கவனித்துக் கண்டுபிடித்தார்; பொது மூலக் களஞ்சியத்தில் காணப்படாத வரிகள் அந்த வெளியீட்டுக் கட்டில் இருந்தமையால், பொதி கட்டுபவர் எதை மூலமாகக் கொள்ள வேண்டும் என்ற பழைய கேள்வி புதிய கூர்மையுடன் எழுந்தது. அக்கேள்வி இன்னும் முடியவில்லை.

474 பொதிகளுடன் தொடங்கிய வழங்கல், 2023 ஜூனில் வெளியான ‘புக்வார்ம்’ பதிப்பில் 64,419 பொதிகளைக் கொண்டிருந்தது. அதே ஆண்டு ஜனவரியில் விழுப்புரத்தில் தமிழக அளவிலான சிறு டெபியன் மாநாடும், செப்டம்பரில் கொச்சியில் இந்தியாவின் முதல் உலக டெபியன் மாநாடும் நடைபெற்றன. புதியவர் ஒருவர் பொதி கட்டத் தொடங்கும் முறை இன்று தெளிவாக இருக்கிறது: ஆதரவின்றி விடப்பட்ட பொதிகளின் பட்டியலிலிருந்து ஒன்றை ஏற்கலாம், அல்லது புதிய மென்பொருள் ஒன்றைப் பொதியாக்கும் எண்ணத்தைப் பிழைத்தடப் பதிவில் அறிவிக்கலாம், கட்டிய பொதியைப் பதிவேற்ற உரிமையுள்ள ஒருவர் சரிபார்த்துத் தம் மின்கையொப்பத்துடன் அனுப்புவார், முற்றிலும் புதிய பொதியாயின், உரிமக் கோப்பு வரிக்கு வரி பொருந்துகிறதா என்று களஞ்சியப் பொறுப்பாளர்கள் பார்த்த பின்பே அது உள்ளே செல்லும். குரோம்பேட்டையிலோ அஸ்தினாபுரத்திலோ ஒரு மாணவர் கட்டும் பொதிக்கும், பத்தாண்டு அனுபவமுள்ள ஐரோப்பியப் பராமரிப்பாளர் கட்டும் பொதிக்கும் இச்சோதனை ஒன்றேதான். தமிழ் மொழிபெயர்ப்புக் குழுக்கள் இந்த வழியில் நுழைந்து டெபியன் நிறுவியைத் தமிழில் பேசவைத்த வரலாறு அடுத்த பகுதியில் இடம்பெறும்.

(தொடரும்)